மூடியைக் கழற்றியவர்

தொழிலாளர் அலுவலக விசாரணை அறையில் கையெழுத்துப் போடச் சொன்னபோது அவள் பேனாவை இடது கையில் எடுத்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் போய் ஏழு மாதமாகியும், எழுத்துகள் இன்னும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டவை போலத்தான் விழுந்தன. அதிகாரி அவசரப்படுத்தவில்லை. அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வெட்டும் இயந்திரத்தில் நின்றவள். கத்திக்கு முன்னால் ஓர் இரும்பு மூடி உண்டு. அது இருந்தால் கை உள்ளே போகாது. விபத்தன்று அது இல்லை. ‘தொழிலாளியே கழற்றிவிட்டார்’ என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்திருந்தது. அந்த ஒரு வரி நிலைத்துவிட்டால் இழப்பீடு கிடையாது. திரும்பத் திரும்ப அதையே கேட்டு, ஒருவேளை தான்தான் கழற்றினோமோ என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வந்தது. வீட்டுக்காரர் விடுப்புப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறவர் அவர்தான்; பின்னல் தினமும் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

“சாட்சி யாராவது இருக்காங்களாம்மா?” என்றார் அதிகாரி.

அவள் யாரையும் கேட்டிருக்கவில்லை. எல்லோருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. கேட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டால் தாங்காது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் வந்தார். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் தொழிற்சாலையில் அவருக்கு ‘உம்மணாமூஞ்சி’ என்று பெயர்.

“மூடியக் கழட்டினது நான்தாங்கய்யா,” என்றார், உட்காராமலே. “அவசர ஆர்டர், மூடி இருந்தா வேகம் வராது, கழட்டுன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. இந்தப் பொண்ணு, மூடி இல்லாம எப்படிண்ணே நிக்கிறதுன்னு கேட்டுச்சு. ரெண்டு நாளைக்குத்தானேம்மான்னு சொன்னதும் நான்தான்.”

“இதனால உங்க வேலை என்னாகும்னு தெரியுமா?” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த நிர்வாகத்தின் வக்கீல்.

“தெரியுங்க. அதை யோசிச்சேதான் ஏழு மாசம் போச்சு.”

அதிகாரி எல்லாவற்றையும் எழுதி, படித்துக் காட்டி, அவரிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “உங்க கோரிக்கையை ஏத்துக்கிறேன். உங்க மேல தப்பு இல்லம்மா,” என்றார். அவள் அழுதது அந்தக் கடைசி வார்த்தைகளுக்காக.

வெளியே படிக்கட்டருகே மெக்கானிக் தலைகுனிந்து நின்றிருந்தார்.

“ஒரு தடவ நல்லா திட்டிடும்மா.”

கோபம் இருக்கத்தான் செய்தது. ஆனால் உள்ளே போய்த் தேடினால், அதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது. அவர் வராமலே இருந்திருக்கலாம்; ஆனாலும் வந்தார்.

“வீட்ல இவரத் திட்டவே எனக்கு நேரம் பத்தலண்ணே,” என்றாள். “வந்தீங்களே. அது போதும்.”

வீட்டுக்காரர் மெக்கானிக்கின் தோளைத் தொட்டு, “காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. வாங்க,” என்றார்.

சாப்பாட்டுக் கடை எதிர்ப்பக்கம் இருந்தது. சாலையில் வண்டிகள் விடாமல் வந்தன. இரண்டு ஆண்களும் தயங்கி நிற்க, அவள் முன்னால் இறங்கி, வலது கையை உயரத் தூக்கி நீட்டினாள். மூன்று விரல்களும் விரிந்திருந்தன. வந்துகொண்டிருந்த பேருந்து வேகம் குறைந்து, அவளுக்கு முன்னால் நின்றது.