பெர்னதெத் வீட்டுப் பக்கம் சாய்ந்த துணிகள்

1934 ஐப்பசியில், பெர்னதெத் மூச்சிழுத்தால் தெருவில் காய்கிற துணியெல்லாம் அவள் வீட்டுப் பக்கம் சாய ஆரம்பித்தன. கடல்காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் வேட்டி, சேலை, எதிர்வீட்டுத் துரையின் காற்சட்டை எல்லாம் அந்தப் பக்கம்தான். சலவைக்காரர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், அப்புறம் கூடுதலாக ஒரு முடிச்சுப் போட்டுக் காயவைத்தார்கள். பெர்னதெத்துக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா சூசைநாதன் கூடத்திலேயே மெஷின் போட்டு துரைமார்களுக்குக் கோட்டு தைத்தார். அம்மா வேளாங்கண்ணிக்கு வாய் நீளம், மனசு தங்கம்.

மூச்சிழுப்புக்கு முன்னால் கரப்பான் என்கிற தோல் அரிப்பு இருந்தது. கைக்குழந்தையிலேயே முழங்கை மடிப்பில் வந்தது. அவள் சொறிந்தால் அடுத்த வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிரும். எந்த உறுப்பில் நோவோ அதை வெள்ளித் தகட்டில் செய்து மாதாவுக்குச் சாத்துவது அந்தக் கிறிஸ்தவச் சனங்களின் வழக்கம். வேளாங்கண்ணி வெள்ளிக் கை சாத்தினாள். கை ஆறியது, முழங்கால் மடிப்பில் கரப்பான் வந்து உட்கார்ந்தது. வெள்ளிக் கால் சாத்தினாள். கால் ஆறியது, பிள்ளைக்குத் தும்மல் பிடித்தது. அவள் தும்மினால் கோயில் மணி தானாக அடிக்கும். வெள்ளி மூக்கும் போயிற்று. மூக்கு அடங்கியது, நெஞ்சில் இழுப்பு வந்து குந்திக்கொண்டது. வெள்ளி நெஞ்சு அடித்துக் கொடுத்த பத்தர் கலியபெருமாளே, "இதுக்கு மேல என்னம்மா பாக்கி?" என்று கூச்சப்பட்டார். வைத்தியர்களிடமும் அதே கதைதான். தோலைப் பார்த்தவர் நெஞ்சைத் தொடவில்லை, நெஞ்சைப் பார்த்தவர் தோலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்கழிப் பனியில் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. கொடிகள் அறுந்து தெருத் துணியெல்லாம் சூசைநாதன் வாசலில் குவிந்தன. பிழைக்காது என்று முடிவு கட்டிச் சொந்தக்காரர்கள் முக்காடு போட்டு உட்கார்ந்ததும் வேளாங்கண்ணிக்குப் பொறுக்கவில்லை. நேரே கோயிலுக்குப் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள். "துண்டு துண்டாக் கேட்டேன், நீயும் துண்டு துண்டாக் குடுத்துட்ட. தப்பு எம்மேலதான். எனக்கு எம்புள்ள முழுசா வேணும் தாயே" என்று வாய்விட்டு அழுதாள். தகடுகள் நாலையும் கழற்றி மடியில் கட்டினாள். வெள்ளைக்காரச் சாமியார் "மோன் தியே, கடவுளே!" என்று தலையில் கைவைத்தாரே தவிர, தடுக்கவில்லை.

சூசைநாதன் குறைந்த இடத்துக்கு மகளின் பழைய கவுனை வெட்டி வைத்து, தகடுகளைச் சிவப்பு நூலால் ஒரே உருவமாகத் தைத்தார். வெள்ளி துணிபோல் மடங்கிக் கொடுத்தது, ஊசி உடையவில்லை. மெஷின் ஓட ஓட, அடியில் கிடந்த பஞ்சுத்தூசி எழுந்து பிள்ளையின் கை, கால், மூக்கு, நெஞ்சு எல்லாவற்றிலும் ஒன்றாகப் போய் ஒட்டியது. "அடப்பாவிங்களா, எல்லாம் ஒரே வயித்துப் புள்ளைங்களா!" என்று நாலு நோவையும் சேர்த்துத் திட்டினாள் வேளாங்கண்ணி. உருவம் கோயிலுக்குப் போனது, மெஷின் கொல்லைக்குப் போனது. தின்றால் பிள்ளையைச் சொறியவைத்த எறாக் குழம்பும் அடுப்பை விட்டு இறங்கியது. தோலுக்கு எண்ணெய், நெஞ்சுக்குக் கஷாயம், எல்லாம் சேர்த்தே நடந்தது.

வியாதி ஒரேயடியாகப் போய்விடவில்லை, பொய் சொல்வானேன். ஆனால் மாசியில் ஒரு காலை, தெரு முழுக்கத் துணிகள் நேராகத் தொங்கின. சலவைக்காரர் அரிகிருஷ்ணன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "யம்மா, பாப்பாவுக்கு என்னாச்சி?" என்று அலறினார். வேளாங்கண்ணி வாசலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"கத்தாத. வாய மூடிக்கினு, மூக்காலயே மூச்சு வுட்டுத் தூங்குறா" என்றாள் அவள்.

அதற்கப்புறம் கொடியில் துணி லேசாகச் சாய்ந்தாலே யாராவது குரல் கொடுப்பார்கள், "பெர்னதெத்துக்கு எண்ணெ தடவுங்க!" என்று. அவள் கலியாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போனபோது, அந்தத் தெருக்காரர்களும் கொடியில் கூடுதலாக ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள்.