பக்குவமாகச் சொன்ன செய்தி

போனை வைத்த பிறகும் சிவனேஸ்வரி அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை. சிட்னி நாடகக் கொட்டகையின் பின்வாசல் காவல்காரர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்துத்தானா லண்டனிலிருந்து அழைப்பு வரவேண்டும்? நடிகை மிஸ் ப்ரூவரின் அக்கா இறந்துவிட்டார். பேசியவர் அக்காவின் கணவர். பக்குவமாகச் சொல்லுங்கள் என்று மட்டும் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டார்.

பக்குவமாகச் சொல்ல அவளுக்குத் தெரியாதா என்ன? யாழ்ப்பாணத்தில் எந்தச் சாவும் சாவென்று வந்து சேர்வதில்லை. ஆளுக்குக் கடும் சுகமில்லை, உடனே வரவும் என்றுதான் தந்தி வரும். பிரித்த கையோடு, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு வீடு அழத் தொடங்கிவிடும். மிச்சத்தை யாரும் சொல்லவேண்டியதில்லை.

மிஸ் ப்ரூவர் மத்தியானக் காட்சிக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் முப்பது வருடமாக மேடையிலும் சினிமாவிலும் அசட்டு வேலைக்காரி, அசட்டு அயல்வீட்டுக்காரி என்று ஊரைச் சிரிக்கவைத்தவர். சிட்னிப் புறநகர் பரமட்டாவில் சிவனேஸ்வரி வீட்டு டிவியில் வாராவாரம் ஒரு தொடரில் வந்தவரும் அவர்தான். அந்தத் தொடர் நின்று, இங்கிலாந்தில் வேலையும் குறைந்துபோனதால் இவ்வளவு தூரம் வந்து நடிக்கிறார். அவருக்கு உடை மாற்றிவிடுவது சிவனேஸ்வரியின் வேலை. பதினேழு வயதில் பயந்து நின்ற மிஸ் ப்ரூவரை முதன்முதலாக மேடையில் தள்ளிவிட்டது அந்த அக்காதான் என்ற கதையை, முதுகில் கொக்கி மாட்டும்போதெல்லாம் கேட்டிருக்கிறாள்.

அக்காவுக்குக் கடும் சுகமில்லையாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அவர் சரிந்தால் தாங்கிக்கொள்ளக் கையையும் நீட்டினாள்.

அவர் சரியவில்லை. எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். சிவனேஸ்வரி நீட்டிய கையால் அவருடைய முதுகுக் கொக்கிகளை மாட்டத் தொடங்கினாள். அக்கா லேசில் போகிற ஆளில்லை என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு, மறுநாள் விமானத்துக்கு இடம் பிடிக்க மேனேஜரிடம் ஆள் அனுப்பிவிட்டு, மிஸ் ப்ரூவர் மேடைக்குப் போய்விட்டார்.

சிவனேஸ்வரி புருஷன் மகேந்திரராஜாவுக்குப் போன் எடுத்தாள்.

"கடும் சுகமில்லை எண்டு சொன்னனான் அப்பா. அவவுக்கு விளங்கேல்லை. பிளேன் பிடிச்சுப் போய்ப் பாக்கப்போறாவாம்."

"வெள்ளைக்காரருக்குச் சுகமில்லை எண்டால் சுகமில்லைதான்," என்றார் மகேந்திரராஜா. "நேரை சொல்லும்."

"அப்ப நான் சொன்னது பொய்யோ?"

கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அவளுக்கே ஒன்றும் பிடிபடவில்லை. ஊரில் இதே வார்த்தைக்கு அவளைப் பக்குவக்காரி என்பார்கள். இங்கே ஒரு மனுஷிக்கு இல்லாத நம்பிக்கையைக் கொடுத்து மேடைக்கு அனுப்பியிருக்கிறாள். நடுவில் சொன்னால் நாடகம் குழம்பும். சொல்லாவிட்டால் அந்த நம்பிக்கை நிமிடத்துக்கு நிமிடம் வளரும். சபை வேறு என்றைக்கும் இல்லாத மாதிரிச் சிரித்துத் தொலைத்தது.

காட்சி முடிந்து மிஸ் ப்ரூவர் மூச்சிரைக்க வந்தார். இன்றைக்கு மேடையில் சபை சிரிக்க விழுந்த விழுகையை அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே விழுந்து காட்டப்போகிறாராம். இப்படித்தான் என்று, கண்ணாடிக்கு முன்னால் உட்காரும் கதிரையைத் தட்டிவிட்டுக் கால் இரண்டும் மேலே போகத் தரையில் விழுந்தார். விழுந்தபடியே ஒரு கண்ணைத் திறந்து, சிரிப்பு வருகிறதா என்று பார்த்தார்.

சிவனேஸ்வரி சிரிக்கவில்லை. தரையில் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இது நாடகத்தில் இல்லையே என்று சிரித்துக்கொண்டு மிஸ் ப்ரூவர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். சிவனேஸ்வரியின் உடம்பு அழுகையில் குலுங்கத் தொடங்கியது. தட்டிய கை மெல்ல நின்றது.