அப்பாவுக்குக் கொண்டுபோன துணி

பொமுச் ஊரில் நசாரியோ பேருந்தை விட்டு இறங்கியபோது அவனிடம் ஒரு பிரஷ், அம்மா பூவேலை செய்த ஒரு துணி, கொஞ்சம் பயம், மூன்றும் இருந்தன. அந்த ஊர் வழக்கப்படி, அக்டோபர் முடிவதற்குள் செத்துப்போன அப்பாவின் எலும்புகளைத் துடைத்துப் புதுத்துணியில் வைக்காவிட்டால், அவர் கோபித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். உயிரோடிருந்தபோதே தாங்க முடியாத கோபம் அது. வருடாவருடம் அம்மா செய்த வேலை. இந்த வருடம் அம்மாவே மண்ணுக்குள்.

அக்கா ஒத்திலியா ரொட்டி வாங்கப் போனாள். கல்லறைச் சுவரின் மாடத்திலிருந்து அவன் ஓர் எலும்புப் பெட்டியை இறக்கினான். பெயர் மழையில் அழிந்திருந்தது. மேல்வரிசை, மூன்றாவது என்று ஞாபகம். கால்விரலில் தொடங்கி ஒவ்வொரு எலும்பாகத் துடைத்து, கடைசியில் மண்டையோட்டைத் துணிமேல் வைத்தான்.

"வேலை நிரந்தரமாயிடுச்சுப்பா" என்று ஒரு பொய்யும் சொல்லிவைத்தான். மறுப்பு வரவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அக்கா வந்து குனிந்து பார்த்தாள். "யார்டா இது?"

"அப்பா."

"அப்பாவுக்குத் தங்கப்பல்லுடா, கழுதை! அவரு அந்தக் கோடியிலேருந்து மூணாவது. இது கசிமிரோ பெரியவரு. பதினஞ்சு வருஷமா ஒரு ஆளு எட்டிப் பாக்கல. துணியை உருவு."

"உடுத்திவிட்டவரை அவுக்கலாமாக்கா?"

"அப்ப அப்பாவைப் பழந்துணியோட விடு. வீடு தேடி வந்து உன்னையே கேக்கட்டும்."

நசாரியோ துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. அடியில் அவன் அடுக்கிய விரலெலும்புகள் மேலே வந்திருந்தன. ஐந்தும் துணியை மடக்கிப் பிடித்திருந்தன.

"காத்துல நகர்ந்திருக்கும்" என்றாள் அக்கா. ஓர் இலைகூட அசையவில்லை.

அவன் கையை எடுத்துக்கொண்டான். கசிமிரோவை அவர் மாடத்திலேயே மரியாதையாக வைத்துவிட்டு, மறுகோடியில் அப்பாவை இறக்கித் துடைத்தான். பிறகு தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி விரித்து, அதன்மேல் அவரை வைத்தான். தங்கப்பல் வெயிலில் மின்னியது. அப்பா சமாதானமாகிவிட்டார் போலிருந்தது.

பெருமூச்சோடு திரும்பியவன் அப்படியே நின்றான். காலையில் மாடங்களின் உள்ளிருட்டில் கிடந்த, பெயர் அழிந்த பெட்டிகள் எல்லாம் விளிம்புக்கு வந்திருந்தன. வரிசை முழுக்க. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முகம் அவனையே பார்த்தது.

அக்கா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"ஓடாதடா. மெதுவா நட. யாரையும் நிமிர்ந்து பாக்காத" என்று உதடசையாமல் சொன்னாள். "உன்கிட்ட இனி பேன்ட்டுதான் மிச்சம்."