சோம்பேறியைக் கூப்பிட்ட குரல்

அண்ணன் நெஞ்சுவலியில் போய் நாலு மாசம். அண்ணி என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"தம்பி, அவர் குரல் எங்கயுமே இல்ல. அந்த கேம்ல நாயைக் கூப்பிடுவாரே, அதை மட்டும் எடுத்துக் குடுங்க."

விளையாடுறவன் தன் குரலையே பதிஞ்சு வெச்சு நாயைக் கூப்பிடுற கேம் அது. "டேய் சோம்பேறி, வாடா"ன்னு அண்ணன் பதிஞ்சிருந்தான். எல்லாத்தையும் ஒரே கோப்புக்குள்ள பூட்டி வெச்சிருக்கும். அதைப் பிரிக்க ஒரு குட்டி டூல் இருக்கு. பட்டன் கிட்டன் கிடையாது, கறுப்புத் திரையில கட்டளையைத் தட்டணும். அழிஞ்சதை மீட்டுக் குடுக்குறதுதான் என் பிழைப்பு. நகல் எடுக்காம கை வெச்சுட்டு வர்றவங்களை நான் கிழிக்காத கிழி கிடையாது.

அன்னிக்கு நான் நகல் எடுக்கல. சரியான கோப்பு இதுதானான்னு பாக்க, அண்ணன் கம்ப்யூட்டர்ல என் ஹெட்செட்டை மாட்டி கேமைத் திறந்தேன். புது மைக்குன்னு, நாயைக் கூப்பிடச் சொல்லி கேம் கேட்டுச்சு. அட போ, தொல்லைன்னு "டேய் சோம்பேறி, வாடா"ன்னு சொல்லிட்டு மேல போனேன். அது தானாவே சேமிச்சுக்கிச்சு. எனக்கு உறைக்கவே இல்ல.

கேமை மூடிட்டுக் கட்டளையைத் தட்டினேன். எழுநூத்துச் சொச்சம் கோப்பு வந்து விழுந்துச்சு. குரல் ஒண்ணே ஒண்ணு. தேதி இன்னிக்கு, நேரம் பத்து நிமிஷம் முன்னாடி. ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்தேன். நான்தான். அண்ணன் குரலுக்கும் என் குரலுக்கும் போன்ல யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அண்ணன் குரல் மேலயே என் குரல் ஏறி உக்காந்திருக்கு. பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்.

சத்தம் கேட்டு சமையல்கட்டுலேர்ந்து அண்ணி ஈரக்கையோட ஓடி வந்தாங்க.

"கிடைச்சுடுச்சா?"

இல்லன்னு சொல்ல வாய் திறந்தேன். அந்த முகத்தைப் பாத்ததும் ஆமான்னு தலையை ஆட்டிட்டேன்.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாங்க. மூணாவது தடவை அவங்க முகம் மாறிடுச்சு.

"தொண்டை கட்டியிருக்கே தம்பி. மூச்சு வேற வாங்குது. அப்பவே அவருக்கு முடியல பாருங்க. பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு நான் கவனிக்கவே இல்லயே."

ரெண்டு நாளா சளி எனக்கு. அண்ணி அழ ஆரம்பிச்சாங்க. அதே கட்டின தொண்டையோட வாயைத் திறந்து பேசவே பயமா இருந்துச்சு.