இண்டர்வியூவுக்குப் போகாதவர்கள்

1961ஆம் வருஷக் கோடை விடுமுறையில் விருத்தாசலம் சென்னைக்குப் போய்ப் பத்து நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். திண்டிவனத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் அவர். எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கிற பிள்ளைகளுக்கு மேற்கொண்டு என்ன படிக்கலாம், எந்தத் தொழிலுக்குப் போகலாம் என்று எடுத்துச் சொல்லப் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மற்ற வாத்தியார்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்கள். விருத்தாசலம்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பள்ளி வராந்தாவில் ஒரு பலகை மாட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை போட்டார். அவர் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது என்பதால் அட்டைகளையெல்லாம் எழுதியவள் அவர் மகள் பாஞ்சாலி. அதே பள்ளியில் கடைசி வகுப்பில் இருந்த ஐந்து பெண்களில் அவளும் ஒருத்தி. பிள்ளையின் மார்க்கு, ஆசை, தகப்பன் தொழில், விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்று முத்து முத்தாக எழுதுவாள். எந்த ஊரில் எந்தப் படிப்பு, என்றைக்குள் மனுப் போட வேண்டும் என்பதெல்லாம் மார்ச்சு மாதத்துக்குள் அவளுக்கு அப்பாவைவிட நன்றாகத் தெரிந்துபோயிற்று.

பிரம்மதேசத்துப் பையன் தேவநாதனுக்குப் பாலிடெக்னிக்கில் சேர ஆசை. தகப்பன் பெரியதம்பி ஒரே பிடியாக, பையன் நிலத்தைப் பார்த்தால் போதும் என்றார். விருத்தாசலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரம்மதேசத்துக்கே போனார். மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே வெயிலில் நின்றுகொண்டு ஒரு மணி நேரம் வாதாடினார். "பையன் இஷ்டம் இன்னான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று அவர் கேட்ட பிறகுதான் பெரியதம்பி விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாராம். கையெழுத்தோடு திரும்பி வந்து அப்பா இதைச் சொன்னபோது பாஞ்சாலிக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளுக்கும் ஓர் ஆசை வந்திருந்தது. பாலிடெக்னிக்கிலிருந்து வந்த புத்தகம் ஒன்றில் ஒரு வீட்டின் பிளான் இருந்தது. கூரையைத் தூக்கிவிட்டு மேலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல, சுவர்களெல்லாம் இரட்டைக் கோடுகளாக. அதைப் பார்த்து வரைந்தாள். பிறகு அம்மா கோவிந்தம்மாளைத் தையல் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லித் தங்கள் வீட்டையே அளந்து வரைந்தாள். எத்தனை தடவை வரைந்தாலும் சமையலறைப் பக்கம் கோடு சேரவில்லை. பின்சுவர் ஒரு சாண் கோணலாக இருந்தது. பதினைந்து வருஷமாகக் குடியிருந்தும் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. விருத்தாசலம் தானும் அளந்து பார்த்துவிட்டு, "கோணல்தாம்மா" என்று சிரித்தார். பெண்களையும் சேர்க்கிறார்கள் என்று அவள் காட்டிய விண்ணப்பத்தில் கையெழுத்தும் போட்டார். கிராமத்துப் பிள்ளைகளின் தபால் தவறிப்போகக் கூடாதென்று எல்லோருக்கும் பள்ளி விலாசம்தான் கொடுப்பது வழக்கம். பாஞ்சாலியும் அந்தப் பழக்கத்தில் அதையே எழுதினாள்.

ஜூன் மாதம் தேவநாதனுக்கு இண்டர்வியூ கார்டு வந்தது. அவளுக்கு வரவில்லை. தினமும் சாயங்காலம் அப்பா சைக்கிளை நிறுத்தும்போது வாசலுக்கு வந்து கேட்டாள். ஒரு வாரம் கழித்து அவர், "நெறையப் பேர் போட்டிருப்பாங்கம்மா" என்றார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

தேவநாதன் கணக்கில் எழுபத்துநாலு. அவள் தொண்ணூற்றொன்று. அப்படியானால் தப்பு வேறெங்கோ இருக்க வேண்டும். விண்ணப்பத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் மனசுக்குள் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தாள். நாற்பது பேருக்குத் தப்பில்லாமல் எழுதிய கை தனக்கு மட்டும் எங்கே சறுக்கியது என்று தெரியவில்லை. கடைசியில் தன்னிடமே ஏதோ குறை, பார்க்கிறவர்களுக்கு அது தெரிகிறது என்று முடிவுகட்டிக்கொண்டாள். அப்பா சொன்னபடி விழுப்புரத்தில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து விடுதியில் தங்கினாள். அங்கே கணக்குப் பாடம் நடத்திக் காட்ட யார் வருகிறீர்கள் என்று கேட்டபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறு வருஷம் மாசி மாதத்தில், அந்தப் பயிற்சிப் பள்ளியிலேயே அப்பாவைப் போன்ற வழிகாட்டி ஆசிரியர்களின் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படங்களும் பதிவேடுகளும் கொண்டுவந்து மேசைகளில் பரப்பினார்கள். அப்பாவின் மேசையைப் பார்த்துக்கொள்ளும் வேலை பாஞ்சாலிக்கே வந்தது. அவளுக்கும் சந்தோஷம்தான். பார்வையிட வந்த அதிகாரி விருத்தாசலத்தின் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார். இண்டர்வியூவுக்குப் போகாதவர்கள் என்று தலைப்பிட்ட பக்கம். எல்லாப் பள்ளியிலும் இந்த இடத்தில் உடம்பு சரியில்லை என்றே எழுதி வைத்திருக்கிறார்கள், இவர் ஒருவர்தான் உண்மைக் காரணத்தை எழுதியிருக்கிறார் என்று சுற்றி நின்றவர்களிடம் பாராட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். விருத்தாசலமும் பின்னாலேயே போனார்.

பதிவேடு திறந்தபடி கிடந்தது. அந்தப் பக்கம் அப்பாவின் கையெழுத்து. பாஞ்சாலி விழுப்புரம் வந்த பிறகு அவரே எழுதியது. கோழி கிளறினதுபோல இருந்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியும். நான்காவது வரி: வி. பாஞ்சாலி. பாலிடெக்னிக். கார்டு வந்த தேதி ஜூன் 11. காரணம்: பெற்றோர் சம்மதம் இல்லை.

அரசாங்கத்துக்குப் போகிற பதிவேட்டில் பொய் எழுத அவருக்கு மனசு வரவில்லை.

கூட்டம் முடிகிறவரை பாஞ்சாலி அந்த மேசைக்குப் பின்னால் நின்றாள். வந்தவர்களுக்குப் படங்களை விளக்கிச் சொன்னாள். சனிக்கிழமை என்பதால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக விருத்தாசலம் அவளையும் ரயிலடிக்கு அழைத்து வந்திருந்தார். பிளாட்பாரத்தில் வைத்துத்தான் கேட்டாள், கார்டு எங்கே என்று.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மறைக்கப் பார்க்கவில்லை. ஸ்கூல் மேசையில் இருக்கிறது என்றார். அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் மொத்தம் இரண்டே பெண்கள், அதுவும் தெரியாத ஊர், விழுப்புரம் என்றால் நினைத்தபோது வந்து பார்க்கலாம் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். பிறகு, "மத்தப் பசங்களுக்கு நான் வாத்தியாரும்மா. உனக்கு அப்பன்" என்றார்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே. வரலைன்னு ஏம்பா சொன்னீங்க?"

"சொன்னா நீ அழுதுகினு இருப்பே. அதைப் பாக்க முடியாது."

"எனக்குத்தான் வக்கில்லேன்னு எட்டு மாசமா நெனைச்சிக்கினு இருந்தேன்."

 பாசஞ்சர் வந்ததும் அவர் ஏறி உட்கார்ந்தார். படங்கள் சுருட்டி வைத்திருந்த பையை ஜன்னல் வழியாக அவரிடம் கொடுத்துவிட்டு அவள் விடுதிக்குத் திரும்பி நடந்தாள்.

பயிற்சி முடிந்ததும் கண்டமங்கலம் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. இன்னொரு டீச்சரோடு சேர்ந்து வாடகைக்கு வீடு பிடித்தாள். பொங்கலுக்குப் போவாள், அம்மாவோடு பேசுவாள், அப்பாவுக்குச் சோறு போடுவாள். விருத்தாசலத்தைத் தேடிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜனங்கள் வந்தபடிதான் இருந்தார்கள். தேவநாதன் நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்து, முதல் விடுமுறையில் பழத்தட்டோடு வந்து அவர் காலில் விழுந்துவிட்டுப் போனான்.

1966இல் அவளுக்கு வரன் பார்த்தார்கள். விருத்தாசலம் மூன்று மாப்பிள்ளைகளின் விவரங்களைத் தனித்தனித் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கண்டமங்கலத்துக்கே வந்தார். ஒருவன் ரயில்வே, ஒருவன் வாத்தியார், ஒருவன் சொந்த நிலம் பார்க்கிறவன். தாள்களை அவள் முன்னால் வரிசையாக வைத்தார். தலை நரைத்து, குரலும் இறங்கிப்போயிருந்தது.

"உன் இஷ்டம் இன்னாம்மா? நீ எதைச் சொல்றியோ அதுதான்."

பாஞ்சாலி தாள்களைக் கையால் தொடவில்லை.

"நீங்களே பாத்து முடிவு பண்ணிடுங்கப்பா" என்றாள். "என்னைக் கேட்டுத்தான் செஞ்சதா சொல்லிக்குங்க."

 அவர் தாள்களைப் பொறுக்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவள் வாசல்வரை வந்து குடையை எடுத்துக் கொடுத்தாள்.