சனிக்கிழமைச் சில்லைகள்

ஆற்றில் கடற்காகங்களை எண்ணப் போன பாலாவை பர்மா ராணுவம் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு மாதமாகிறது. போட்டாதாங் படித்துறையில் ஸ்டாண்டு போட்டு, தொலைநோக்கியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பியதுதான் அவன் செய்த குற்றம். அந்த நேரம் பார்த்து ஏதோ காவல் படகு போயிருக்கிறது. குளிர்காலம் வந்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்யும் சம்பளமில்லாத வேலை இந்தப் பறவைக் கணக்கெடுப்பு. அன்று எனக்குக் காய்ச்சல். அவன் தனியாகப் போனான்.

எங்களை அனுப்பிய பறவைச் சங்கம் வாயைத் திறக்கவில்லை. "அமைதியா இரு ரேவதி, மத்தவங்களுக்கும் ஆபத்து" என்றார்கள். சரி, பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்த வாரமே கணக்கெடுப்பு வெற்றி என்று ஃபேஸ்புக்கில் படம் போட்டார்கள். பாலா பிடிபடுவதற்கு முந்தின நாள் எடுத்து அனுப்பிய படம். பெயர் மட்டும் இல்லை.

எதிர்வீட்டு சொர்ணம்மாள் அத்தைதான் அவன் அம்மா. போலீஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கிக் களைத்து, கடைசியில் ஜோசியம் பார்க்கும் சயாவிடம் போனார். அவர் ஒரு யதயா சொன்னார். பரிகாரத்துக்கு இங்கே அதுதான் பெயர். மகன் பிறந்த கிழமையில், அவன் வயதோடு ஒன்று கூட்டி, அத்தனை குருவிகளைக் கூண்டிலிருந்து விட வேண்டும். குருவி போனால் பிள்ளை வருவான்.

"நீயும் வாடி. உனக்குத்தானே குருவி பாஷை தெரியும்," என்றார் அத்தை.

போட்டாதாங் புத்தர் பகோடா வாசலில் விற்கும் சில்லைக் குருவிகளை வாங்காதீர்கள் என்று நானும் பாலாவும் குளிர்காலம்தோறும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம். புண்ணியத்துக்கு விடுவதற்கென்றே வயலில் வலைபோட்டுப் பிடிக்கிறார்கள். வழியிலேயே பாதி சாகும். விட்டதிலும் முக்கால்வாசி பிழைக்காது. இதையெல்லாம் அத்தையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூடப் போனேன்.

குருவி விற்கும் டோ சான் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "வாங்காதேன்னு போர்டு பிடிச்ச பொண்ணுதானே நீ? உபதேசம் ஊருக்குத்தானா?" என்று பர்மிய மொழியில் கேட்டாள்.

"ஆமாம்," என்றேன். "இருபத்தெட்டு கொடுங்க."

அத்தை கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். "முருகா, என் பிள்ளை, என் பிள்ளை" என்பதற்கு மேல் அவருக்கு வேண்டத் தெரியவில்லை. நான் கூண்டுக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக விட்டேன். சில பறந்தன. சில மின்கம்பி வரை போய் ஒடுங்கிக்கொண்டன. கடைசிக் குருவி என் கையில் அசையவே இல்லை. உடம்பில் சூடு இருந்தது, தலை தொங்கிவிட்டது. அத்தை கண் திறப்பதற்குள் அதைப் பைக்குள் போட்டேன்.

"எல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு அத்தை."

"கடைசியும்?"

"அதுதான் ரொம்ப உயரமா போச்சு."

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அத்தை சிரித்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தனியாகப் போய் மாட்டிக்கொண்ட பாலா மேல்கூட எனக்கு ஆத்திரம் வந்தது.

"பலிக்கும்டி. அவன் வர்ற வரைக்கும் சனிக்கிழமை தவறாம செஞ்சிடுவோம். அந்தம்மாகிட்ட நீயே சொல்லி வை. நல்ல துடிப்பான குருவியா பிடிச்சிட்டு வரட்டும்."

நான் டோ சானிடம் போனேன். அடுத்த சனிக்கிழமைக்கு எங்களுக்கென்று தனியாகப் பிடித்து வைக்கச் சொன்னேன்.