கல்லறைத் தோட்டத்தில் ஆறு

வெள்ளைக்காரச் சாமியார்கள் அந்த மாதா கோயிலைக் கட்டியபோது ஆறு ஒரு மைல் தள்ளி ஓடியதாம். கப்பலில் வந்த மணியும் நாலடி அகலச் சுண்ணாம்புச் சுவருமாக நூற்றைம்பது வருஷம் நின்றது. பிறகு ஆறு திசை மாறியது. ஒரு வெள்ளத்தில் கூரை போயிற்று. மேட்டில் புதுக் கோயில் எழும்பியது. பழையதில் வௌவால் குடியேறியது. அடக்கம் மட்டும் பழைய இடத்திலேயே நடந்துவந்தது.

தையல்காரியின் புருஷனும் ஏழு வயது மகளும் அங்கேதான் கிடந்தார்கள். நாலு வருஷத்துக்கு முன் ஒரே காய்ச்சலில் போனவர்கள். மகள் கல்லறைத் தோட்டத்துப் பின்சுவரோரம், அவர் இருபதடி தள்ளி, ஆற்றுப் பக்கம்.

இந்த மழையில் பழைய கோயிலின் முகப்பு மணிக்கூண்டோடு ஆற்றில் சரிந்தது. தையல்காரி பங்குச் சாமியாரிடம் ஓடினாள்.

“தோண்டி மேட்டுக்கு மாத்தறதுக்கு மேலிடத்து அனுமதி வேணும்மா. கடுதாசி போட்டிருக்கேன், பொறுத்திரு.”

“நான் பொறுப்பேன் சாமி. ஆறு பொறுக்குமா?”

மறுநாள் காலையில் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு கடப்பாறை மண்வெட்டியோடு போய்விட்டாள்.

“அண்ணி, முதல்ல அண்ணனை எடுத்துருவோம். தண்ணி அந்தப் பக்கந்தான் அரிக்குது. பாப்பா இருக்கற எடம் தாங்கும்.”

அவன் சொன்னது நியாயம். அவளுக்கும் தெரிந்தது. ஆனால் கால் சுவரோரமே போனது.

“அவ தனியா பயப்படுவா. அவளை முதல்ல.”

கொழுந்தன் கடப்பாறையைச் சுவரோரம் ஊன்றினான். தோண்டினான். நனைந்த மண் வெட்ட வெட்டக் குழிக்குள்ளேயே சரிந்தது. அவள் கையால் அள்ளி வீசினாள். நகக்கண்ணில் ரத்தம். பலகை தட்டுப்பட மத்தியானம் ஆகிவிட்டது. சட்டைப் பொத்தான்கள் அப்படியே இருந்தன, அவளே தைத்துவிட்டவை. எலும்புகளைத் துணியில் கட்டித் தூக்கினாள். இவ்வளவு லேசா?

பின்னால் மளமளவென்று சத்தம். திரும்புவதற்குள் ஆற்றங்கரை சிலுவைகளோடு பெயர்ந்து விழுந்தது.

“அண்ணே!” கொழுந்தன் விளிம்புக்கு ஓடினான். மூட்டையை மார்போடு அணைத்தபடி அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கீழே கலங்கல் தண்ணீரில் பலகைகள் சுழன்று போயின. எது யாருடையது என்று தெரியவில்லை.

சாயங்காலம் மேட்டில் மகளைப் புதைத்தார்கள். சாமியார் எதுவும் கேட்காமல் ஜெபம் சொன்னார்.

“கல்லுல ரெண்டு பேர் பேரும் போடணும்,” என்றாள்.

“அண்ணன் பேரு வேணாம் அண்ணி. அண்ணன் இங்க இல்ல.”

“என்னைத் திட்டிடுப்பா. வாய்விட்டுத் திட்டிடு.”

“உங்க எடத்துல நானிருந்தாலும்...” என்று தொடங்கினான், முடிக்கவில்லை. அவனுக்குப் பொய் சொல்ல வராது. மண்வெட்டியைக் கழுவப் போனான்.

அவள் புது மண்ணருகே உட்கார்ந்திருந்தாள். யாரை நினைத்து அழுவது என்றுகூட அவளுக்குப் பிடிபடவில்லை.